மரங்களைப் போல் தெரிந்த மனிதர்கள்



நற்செய்திகளில் பார்வையற்றோர் பலருக்கு இயேசு பார்வை தருகிறார். எரிகோவில் வழியோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு ஒரே சொல்லில் பார்வை பெறுகிறார். பெத்சாய்தாவில் நடந்ததோ சற்று வேறானது. மாற்கு நற்செய்தியாளர் மட்டுமே இதை எழுதியுள்ளார் (மாற் 8:22-26). பார்வையற்ற ஒருவரை இயேசு கைபிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். அவருடைய விழிகளில் உமிழ்ந்து, கைகளை அவர்மேல் வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்களைப் போல் தோன்றுகிறார்கள், நடக்கிறார்கள் என்கிறார் அவர். இயேசு இரண்டாம் முறை அவர் கண்களின்மீது கைகளை வைக்கிறார். அதன் பிறகுதான் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

ஏன் இரண்டு முறை? இயேசுவின் வல்லமை முதல் முறை போதவில்லையா? குருமடத்தில் நாங்கள் படித்த விளக்கம் இது: இந்நிகழ்வுக்கு முன்னால், கண்ணிருந்தும் காணாத சீடர்களை இயேசு கடிந்துகொள்கிறார். இதற்கு அடுத்தாற்போல் பேதுரு அவரை மெசியா என்று அறிக்கையிடுகிறார். ஆகவே சீடர்களின் அகக்கண் படிப்படியாகத் திறந்ததற்கு இந்தப் புதுமை ஓர் அடையாளம். இந்த விளக்கம் சரியானது. இன்றும் அப்படியே போதிக்கிறோம். ஆயினும் நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை அறிந்தபின், இந்தப் பகுதியை வாசிக்கும்போது இன்னொரு செய்தியும் மனத்தில் படுகிறது. பார்வை கிடைப்பது ஒரு கொடை. முகத்தை அறிவது, அந்தக் கொடையைக் கொண்டு மெல்ல மெல்லக் கற்க வேண்டிய பாடம்.

தில்லியில் கண் திறந்த சிறுவர்கள்

பவன் சின்கா இந்தியாவில் பிறந்தவர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மூளையும் பார்வையும் குறித்து ஆராயும் பேராசிரியர். பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளரும் ஏழைச் சிறுவர்கள் நம் நாட்டில் எவ்வளவோ பேர் இருப்பதைக் கண்டு, 2000-களில் 'பிரகாஷ் திட்டம்' என்ற பணியைத் தொடங்கினார். தில்லியில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையுடன் இணைந்து நடக்கும் பணி இது. சிற்றூர்களில் முகாம் நடத்தி இத்தகைய பிள்ளைகளைக் கண்டறிகிறார்கள், இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் முதன்முறையாகப் பார்க்கத் தொடங்கும் அந்தப் பிள்ளைகள், பார்ப்பதற்கு எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் உடனிருந்து கவனிக்கிறார்கள்.

கட்டு அவிழ்த்ததும் பிள்ளை தாயின் முகத்தைக் கண்டு 'அம்மா' என்று ஓடிவரும் என்று நாம் எண்ணுவோம். திரைப்படங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மை வேறு. இக்குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேர், கையால் தடவி நன்கு உணர்ந்த பொருளையே கண்ணால் பார்த்தபோது இன்னதென்று சொல்லத் தடுமாறினார்கள். சில நாட்களில் அந்தத் திறன் வளரத் தொடங்கியது. முகங்களிலும் இதுவே நடந்தது. இந்திய அறிவியலாளர் தபன் காந்தி முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிகிச்சை முடிந்த உடனே அப்பிள்ளைகளுக்கு 'இது முகம், இது முகமல்ல' என்று பிரித்துச் சொல்லவே இயலவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அந்தத் திறன் நன்றாகவே வளர்ந்தது.

இன்னொரு செய்தி பெத்சாய்தாவை அப்படியே நினைவூட்டுகிறது. புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கு அசையாத காட்சியைக் காட்டினால், அது நிறத் துண்டுகளாகவும் கோடுகளாகவும் சிதறித் தெரிகிறது. ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று புரிவதில்லை. அதே பொருள் அசைந்தால், சேர்ந்து நகரும் துண்டுகள் எல்லாம் ஒரே பொருள் என்று மூளை சேர்த்துக்கொள்கிறது. 2009-இல் வெளியான கண்டுபிடிப்பு இது. பெத்சாய்தா மனிதர் என்ன சொன்னார்? மரங்களைப் போல் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிறார்கள் என்றார். நடை அவர்களை மனிதர்கள் என்று காட்டிக்கொடுத்தது. முகம் இன்னும் தெரியவில்லை. மாற்கு மருத்துவக் குறிப்பு எழுதவில்லை என்பதை அறிவோம். எனினும் அவர் எழுதிவைத்தது எவ்வளவு உயிரோட்டமான சாட்சியம்!

கண் ஓடிக்கொண்டே இருக்கிறது

நமக்கு முகம் பார்ப்பது மூச்சு விடுவதுபோல் எளிதாகத் தோன்றுகிறது. உள்ளே நடப்பதோ பெரிய வேலை. கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரிகிறது. விழித்திரையின் நடுவே உள்ள சிறு பள்ளம் மட்டுமே நுணுக்கங்களைப் பிடிக்கும். சுற்றிலும் உள்ளதெல்லாம் மங்கல்தான். இதனால் விழி ஓரிடத்தில் நிற்காமல் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம்விட்டு இடம் தாவுகிறது. தாவும் நேரத்தில் பார்வை நமக்குத் தெரியாமலேயே அடைபடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. பக்கத்தில் நிற்பவர் மட்டும் தெளிவாகக் காண்பார்.

இந்தத் தாவல்களை முதலில் நுணுக்கமாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் ரஷ்ய அறிவியலாளர் ஆல்பிரட் யார்பஸ். 1967-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு சிறுமியின் நிழற்படமும், அதைப் பார்த்தவரின் விழி ஓடிய தடமும் அச்சாகியுள்ளன. கோடுகள் எங்கே அடர்ந்திருக்கின்றன தெரியுமா? இரு கண்களிலும் வாயிலும். நெற்றியையும் கன்னத்தையும் விழி கடந்து போகிறது. கண்களிடம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கண்ணைத் தேடுவது கண்ணின் இயல்பு. 2008-இல் வந்த ஓர் ஆய்வு, முன்பு பார்த்த ஒரு முகத்தை மறுபடி அடையாளம் காண இரண்டே பார்வைகள் போதும் என்றும், அந்த முதல் பார்வைகள் மூக்கின் அருகே விழுகின்றன என்றும் காட்டியது. நடுவில் நின்று முகம் முழுவதையும் ஒருசேர அள்ளிக்கொள்ள அதுவே வசதியான இடம்.

ஆம், முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் படிப்பதில்லை; ஒருமித்தே படிக்கிறோம். தலைகீழாகப் பிடித்த நிழற்படத்தில் தெரிந்தவரைக்கூட அடையாளம் காணத் திணறுவது இதனால்தான். உறுப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் அமைப்பு மட்டும் புரட்டப்பட்டிருக்கிறது. சிறு நுணுக்கங்களும் எதிர்பாராத வேலை செய்கின்றன. புகழ்பெற்றவர்களின் படங்களில் கண்களை மறைத்தபோது இருந்ததைவிட, புருவங்களை மறைத்தபோது மக்கள் அதிகம் தடுமாறினார்கள் என்று சின்காவின் குழு 2003-இல் கண்டது. 2020-இல் கொரோனா நோய்த்தொற்று வந்து எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, பாதி முகத்தை வைத்துக்கொண்டு ஆளை அறிய எவ்வளவு சிரமப்பட்டோம் என்பது உங்களுக்கே தெரியும்.

குழந்தை முகம் பார்க்கும் காலம்

'பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறது' என்று நம் வீட்டுப் பாட்டிமார் மகிழ்ந்து சொல்வார்கள். அது வெறும் கொஞ்சல் பேச்சு அல்ல. பிறந்த சில நிமிடங்களிலேயே குழந்தையின் கண்கள் முகம் போன்ற வடிவத்தைப் பின்தொடர்கின்றன என்று 1975-இல் ஓர் ஆய்வு காட்டியது. குழந்தைக்குத் தூரப் பார்வை தெளிவில்லை. ஆனால் பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அதற்கு எட்டும். தாய் மடியே நாம் முகம் படிக்கும் முதல் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளியின் சில மாதங்கள் தவறினால் என்ன ஆகும்? கனடாவில், பிறவிக் கண்புரையோடு பிறந்து, சில மாதங்களிலேயே சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் முகத்தில் கண்ணுக்கும் கண்ணுக்கும், கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியின் நுட்பமான வேறுபாடுகளை அறிவதில் குறை இருந்தது. 2001-இல் வெளியான இம்முடிவு பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. குழந்தையின் கருவிழி நடுவே வெண்மை தெரிந்தாலோ, இரண்டு மூன்று மாதமாகியும் முகம் பார்க்கவில்லை என்றாலோ, 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள். பிறவிக் கண்புரைக்குச் சிகிச்சை பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுவை தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையும் நமக்குத் தொலைவில் இல்லை. கருவுற்ற தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை இந்நோய்க்கு ஒரு முக்கிய காரணம். 2017 முதல் தமிழ்நாட்டில் அதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

அதே வேளையில், காலம் தாழ்ந்துவிட்டது என்று யாரையும் கைவிடவும் கூடாது. பன்னிரண்டு வயதில் பார்வை பெற்ற ஓர் இந்தியப் பெண்ணை, இருபது ஆண்டுகள் கழித்துச் சின்காவின் குழு சோதித்து 2006-இல் எழுதியது. அவருடைய பார்வைக் கூர்மை குறைவுதான். எனினும் முகம் தொடர்பானவை உட்படப் பெரும்பாலான சோதனைகளில் அவர் நல்ல திறன் காட்டினார். இரண்டாம் முறை தொடுவதற்கு ஆண்டவர் தாமதிப்பதில்லை. கற்க நமக்குத்தான் காலம் வேண்டும்.

ஒரு படம் போதாது

ஓமந்தூர் என்றதும் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் நினைவுக்கு வருவார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர்; எளிமைக்குப் பேர்பெற்ற விவசாயி. சென்னையில் அரசினர் தோட்டமும் அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வழக்கமாகக் காணும் அந்த ஒரு படத்தை விட்டு, வேறு வயதில், வேறு கோணத்தில் எடுத்த படத்தைக் காட்டினால் நம்மில் எத்தனை பேர் அவரை அடையாளம் சொல்வோம்? அவரோடு பழகிய அந்தக் காலத்துப் பெரியவர்களோ, எந்தப் படத்தைக் காட்டினாலும் சொல்லியிருப்பார்கள்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் புகழ்பெற்ற இரண்டு பெண்களின் படங்கள், ஆளுக்கு இருபது வீதம் நாற்பது. அவர்களை அறியாத பிரிட்டன் மக்களிடம் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்கள் சராசரியாக ஏழு எட்டுப் பேர் இருப்பதாக எண்ணிப் பிரித்தார்கள். அப்பெண்களை அறிந்த நெதர்லாந்து மக்களோ இரண்டு பேர்தான் என்று எளிதில் பிரித்துவிட்டார்கள். படங்கள் ஒன்றே, கண்களும் ஒருபோலவே. பழக்கம் மட்டுமே வேறு. தமிழில் 'அறிமுகம்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குள்ளேயே அறிதலும் முகமும் சேர்ந்து இருக்கின்றன.

'எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க'

இங்கேதான் நம் மனச்சான்றைத் தொடும் செய்தி வருகிறது. தன் இனத்தார் முகங்களை நன்றாகவும், மற்ற இனத்தார் முகங்களை மோசமாகவும் மனிதர் அடையாளம் காண்கிறார்கள் என்பது பல நாடுகளில் உறுதியான உண்மை. இது இரத்தத்தில் வந்ததா? இல்லை. கொரியாவில் பிறந்து, மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் பிரான்சு நாட்டுக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்டவர்களைப் பெரியவர்களான பின் சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்றாக அடையாளம் கண்டார்கள். எந்த முகங்களோடு உண்டு, உறங்கி, விளையாடி வளர்ந்தார்களோ, அந்த முகங்களே அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

திண்டிவனம் சாலையோரக் கட்டட வேலைகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? 'எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க' என்கிறோம். அவர்களுள் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கத்தோலிக்கரும் இருக்கக்கூடும். திருப்பலிக்கு வந்து கோவில் வாசலிலேயே நின்றுவிட்டுப் போகும் ஒருவரின் முகம் நம் நினைவில் நிற்கிறதா?

இன்னும் அருகில் வருவோம். ஊர் என்றும் காலனி என்றும் நம் கிராமங்கள் இன்னும் பிரிந்தே கிடக்கின்றன. ஒரே திருமுழுக்குப் பெற்ற நம்மிடையே இந்தப் பிரிவு கல்லறைத் தோட்டம் வரை நீண்ட இடங்களும் உண்டு. தெரு பிரிந்தால் பார்வையும் பிரிகிறது. ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து உண்ணாத இடத்தில், கண்கள் ஒன்றையொன்று தேடிச் சந்திக்காத இடத்தில், அடுத்த தெருக்காரர் ஆண்டுக்கணக்கில் நமக்கு நடமாடும் மரமாகவே இருந்துவிடுகிறார். அவருடைய சாதி நமக்குத் தெரியும், முகம் தெரியாது. இது கண்ணின் குறை அல்ல. பார்க்க மறுத்ததால் கற்காமல் போன பாடம். கற்காமல் விட்டதை இனியும் கற்கலாம் என்பதே தில்லிச் சிறுவர்கள் நமக்குத் தரும் நற்செய்தி.

தீர்ப்பிடும் முன்

இன்னொரு பக்கமும் உண்டு. 'பார்த்தும் பார்க்காத மாதிரி போறாரு, எவ்வளவு கர்வம்!' என்று கோபப்படுகிறோம். வீட்டுப் பெரியவர் கண்புரையால் முகம் மங்கித் தெரியாமல் கடந்து போயிருக்கலாம். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானால், சுற்றுப்புறம் தெரியும், பார்க்க விரும்பும் முகம் மட்டும் தெரியாது. பார்வை முழுமையாக இருந்தும் முகங்களை மட்டும் அறிய இயலாத ஒரு குறையும் உண்டு. ஜெர்மன் மருத்துவர் போடமர் 1947-இல் அதற்குப் பெயரிட்டார். பிறவியிலேயே இக்குறை உள்ளவர்கள் நூற்றுக்கு இருவர் அளவில் இருக்கலாம் என்று சில ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அவர்கள் குரலையும் நடையையும் உடையையும் வைத்தே ஆட்களை அறிகிறார்கள். அத்தகையவரிடம் 'நான் யார் சொல்லு பார்ப்போம்' என்று விளையாடாமல், 'நான் இன்னார்' என்று பெயர் சொல்லிப் பேசுவது அன்பான செயல்.

உயிர்த்த ஆண்டவரே அப்படிச் செய்தார் அல்லவா? மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் அறிந்துகொண்டார் (யோவா 20:11-18). எம்மாவு சீடர்கள் வழிநெடுகப் பேசியும் அறியவில்லை. அப்பத்தைப் பிட்டபோது அறிந்தார்கள் (லூக் 24:13-35). இந்தக் காட்சிகள் நம்பிக்கையின் மறைபொருள். அறிவியலைக் கொண்டு அவற்றை அளந்துவிட முடியாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது: உடன் நடந்து, உடன் அமர்ந்து, உடன் உண்ணும்போது முகம் புலப்படுகிறது.

இறுதித் தீர்ப்பின் உவமையில் (மத் 25:31-46) வலப்பக்கத்தாரும் இடப்பக்கத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்? இருசாராருமே அவரை அடையாளம் காணவில்லை. ஒரு சாரார் பசித்த முகத்தின் முன் நின்றார்கள். மறுசாரார் கடந்து போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். தன்னைக் கொல்லத் தேடிய அண்ணன் ஏசாவை ஆண்டுகள் பல கழித்துச் சந்தித்த யாக்கோபு, அவன் முகத்தைக் கண்டது கடவுளின் முகத்தைக் கண்டது போல் இருக்கிறது என்றார் (தொநூ 33:10). பகைத்தவன் முகத்தில் கடவுளைக் காண்பது எவ்வளவு பெரிய அருள்!

ஆகவே, சிறு முயற்சிகள் சிலவற்றை இந்த வாரம் செய்து பார்ப்போம். திருப்பலியில் சமாதானம் தெரிவிக்கும்போது கைகூப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அடுத்தவர் கண்களை ஒரு கணம் பார்ப்போம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே இருக்கையில் அமர்வதை விட்டு, முகம் தெரியாத ஒருவர் அருகில் அமர்ந்து அவர் பெயரைக் கேட்போம். அன்பியக் கூட்டத்தைத் தெருவுக்குத் தெரு மாற்றி நடத்துவோம். குழந்தைக்குப் பாலூட்டும் நேரத்தில் கைப்பேசியைக் கீழே வைத்து, குழந்தையின் முகத்தைப் பார்ப்போம். பார்வை மங்கிய பெரியவர்களைக் கண் முகாமுக்கு அழைத்துச் செல்வோம்.

ஆண்டவரே, எங்களுக்குக் கண்களைத் தந்தீர். அவற்றால் நாங்கள் மனிதர்களைப் பார்க்கிறோம், இன்னும் மரங்களைப் போலவே பார்க்கிறோம். இன்னொரு முறை உம் கைகளை எங்கள் கண்களின்மீது வையும். ஒவ்வொருவரையும் தெளிவாகக் காணவும், ஒவ்வொரு முகத்திலும் உம்மை அறியவும் அருள்தாரும். ஆமென்.